திங்கட்கிழமைக்கு லீவு விட்ட லைப்ரரி

மரக்காணம் உப்பளத்து முதலாளி தனசேகர் போன் செய்தபோது நான் கூனிமேட்டில் என் வீட்டில் நல்ல தூக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, உங்க ஆப் இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, லீவுங்குது. ஆளுங்க உப்பு வார்ற பலகைய கீழ போட்டுட்டு சிரிச்சிக்கினு உக்காந்திருக்காங்க."

அன்று திங்கட்கிழமை. உப்பளத் தொழிலாளர்களின் வருகையைப் பதிவு செய்ய எங்கள் சின்ன கம்பெனி எழுதிய ஆப்புக்கு அதுதான் முதல் நாள். அதைத் தானாகவே சோதிக்கும் ஆட்டோமேஷன் டெஸ்ட் முழுவதும் என் பொறுப்பு. இந்தப் பக்கம் எங்களுக்கு இருந்த ஒரே கஸ்டமர் தனசேகர்தான். அவர் போய்விட்டால் இங்குள்ள ஆபீஸை மூடிவிட்டுச் சென்னைக்கே போகவேண்டியதுதான் என்று கம்பெனியை நடத்தும் மேடம் முன்பே சொல்லியிருந்தார். எனக்கோ சென்னை என்றாலே அலர்ஜி.

ஆபீஸ் போய் டெஸ்டை ஓடவிட்டேன். எல்லாம் சரி என்று பச்சை. மறுபடி ஓட்டினாலும் பச்சை. வாய் சும்மா இருக்காமல் தனசேகரைக் கூப்பிட்டு, இங்கே எல்லாம் பாஸ் ஆகிறதே என்றேன்.

"நீ பத்து மணிக்கு வந்து பாக்குற. அதுக்குள்ள எங்க ஆளுங்க வேலைய முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. காலைல நாலு மணிக்கு வந்து பாரு" என்று வைத்துவிட்டார்.

அங்கேதான் பொறி தட்டியது. தேதிக்கு நாங்கள் ஒரு வெளி லைப்ரரியைப் போட்டிருந்தோம். யாரோ எழுதி, உலகமே எடுத்துப் பயன்படுத்தும் கோட் அது. எந்த ஊர் என்று நாம் சொல்லாவிட்டால் லண்டன் பக்கத்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். இங்கே விடியும்வரை அதற்கு நேற்றுதான். ஆப்பும் அதைத்தான் கேட்டது, ஆப் சொல்வது சரியா என்று பார்க்கும் என் டெஸ்டும் அதையேதான் கேட்டது. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய விடையை அவன் பேப்பரை வைத்தே திருத்தினால் தப்பு எப்படித் தெரியும்?

கடிகாரத்தை வேண்டிய நேரத்தில் நிறுத்தி வைக்க இன்னொரு லைப்ரரி உண்டு. அதை டெஸ்டுகளை ஓட்டும் எங்கள் ஃபிரேம்வொர்க்கில் சேர்த்து, திங்கள் விடியற்காலை நாலு மணியில் நிறுத்தினேன். வரவேண்டிய விடையை எந்த லைப்ரரியையும் கேட்காமல் 'திங்கள்' என்று கையாலேயே எழுதினேன். ஓடவிட்டதும் வரிசையாகச் சிவப்பு; ஒருவழியாகத் தப்பு மாட்டியது. நான் கைதட்டியதைப் பார்த்து மேடம் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்தார். ஆப்பில் இந்திய நேரம் என்று ஒரு வரி சேர்த்தோம். எல்லாம் பச்சை.

மறுநாள் இருட்டோடு உப்பளத்துக்கே போய் நின்றேன். முதல் ஆளாக அஞ்சலை அக்கா போனில் விரல் வைத்தார். 'செவ்வாய், வருகை பதிவானது' என்று வந்தது. தனசேகர் ஒரு டீயை என் கையில் கொடுத்தார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். லைப்ரரியைத் தாராளமாக எடுங்கள். ஆனால் ஆப் விடை கேட்கும் இடத்திலேயே டெஸ்டும் போய்க் கேட்கக்கூடாது. நமக்குத் தோதான நேரத்தில் மட்டும் டெஸ்டை ஓட்டிவிட்டு நிம்மதியாகவும் இருக்கக்கூடாது.

ஆபீஸ் இன்னும் இங்கேதான் இருக்கிறது. நாலு மணி டெஸ்டுக்கு 'அஞ்சலை' என்றே பெயர் வைத்திருக்கிறோம். அக்காவுக்கு அதில் பெருமைதான். ஆனாலும் எங்கே பார்த்தாலும் என்னை விடுவதில்லை.

"கம்ப்யூட்டரே மனசு வந்து லீவு குடுத்துச்சு. அதையும் புடுங்கின ஒரே ஆளு நீதான் தம்பி."