சுவர்ப் பக்கம்

போன வாரம் என் வீட்டில் பாதி மண்ணுக்குள் இறங்கியிருக்கும் கீழ்த்தள அறையில் கொத்தனார் மர அலமாரியை நகர்த்தியபோது, அதன் பின்னால் சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. புடவைக் கவரை வெட்டி விரித்த தாள். இரண்டடிக்கு இரண்டடி இருக்கும். நான்கு ஓரமும் பழுப்பு டேப். சுவரைத் தொட்டிருந்த பக்கம் உப்பு பூத்துக் காய்ந்து கெட்டியாகியிருந்தது. அறையைப் பார்த்த பக்கத்தில் ஐந்து வருடத் தூசு மட்டும். மேல் மூலையில் அழியாத மையில் மூன்று வரிகள்: "வெச்சது செவ்வாய். பார்த்தது வியாழன். ஈரம் சுவர்ப் பக்கம்." கொத்தனார் கழுத்தைச் சாய்த்துப் படித்துவிட்டு, "இன்ஜினியர் வூடுன்னா சும்மாவா! நீங்க வெச்சதா சார்?" என்றார். "ஆமாம்" என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. யோசிக்காமல் எனக்கு வாயில் வருவது என்ன என்பதை எழுபதை நெருங்கும் வயதில் இப்படித் தெரிந்துகொண்டேன்.

அந்தத் தாளை வைத்தவர் எங்கள் கீழ்த்தளத்தில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்த பாலிஷ்கார அம்மா. காஞ்சிபுரத்தில் இந்தத் தொழிலைத் தெரியாதவர்கள் இல்லை. கடைகளிலிருந்து பட்டுப் புடவைகளை வாங்கிவந்து, நீவி, ஆவி காட்டித் தேய்த்து, மொடமொடப்பாக மடித்துத் திருப்பிக் கொடுப்பது. திருப்புட்குழியிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். சாயங்காலம் அறையைப் பூட்டிக்கொண்டு போவார். சுவரில் ஒரு சிறிய சிலுவை, தேய்க்கும் மேசை, கடைவாரியாகப் புடவை அடுக்க எங்கள் அலமாரி. வேலை நடக்கும்போது ரேடியோவோடு சண்டை பிடிப்பார். "இவன் பேசறத நிறுத்திட்டுப் பாட்டு போட மாட்டானா?" என்று படிக்கட்டு வழியே குரல் மேலே வரும். என் மனைவி மேலிருந்தே சிரிப்பாள்.

கீழ்த்தளம் என் திட்டம். அரசுக் கட்டடங்களைக் கட்டியும் கண்காணித்தும் ஓய்வு பெற்றவன் நான். நிலத்துக்குக் கீழே அறை கட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குக் கீழே இருந்தவர்களுக்கு வருடக்கணக்காகச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறேன். சுவரின் வெளிப்புறத்தில் தார்ப் பூச்சு கொடுத்து, அது காய்ந்த பிறகே சுற்றித் தோண்டிய பள்ளத்தில் மண் தள்ள வேண்டும். மாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாயைச் சுவரோரம் விடக் கூடாது. உள்பக்கம் எத்தனை முறை பூசினாலும் வெளியிலிருந்து வரும் தண்ணீர் நிற்காது. என் வீட்டு மனையோ ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல். ஆனால் நான் கட்டியபோது ஐப்பசி மழை நெருங்கிக்கொண்டிருந்தது, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அன்றைய மேஸ்திரி, "தார் அடிக்காம மண்ணு தள்றது வேணாம் சார்" என்றார். உள்ளே பூசிக்கொள்ளலாம் என்றேன். ஊருக்கெல்லாம் எழுதிய விதி என் சுவருக்குப் பொருந்தாது என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது மழைக்காலத்தில் அந்த அம்மா படியேறி வந்தார். "சார், கீழ செவுத்துல ஓதம் ஏறிக்கினு வருது சார். வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். பார்க்கத் தெரிந்தவனுக்கு அங்கே எல்லாமே எழுதியிருந்தது. சுவரின் அடியில் சாம்பல் தூவியது போல உப்பு. முழங்கால் உயரத்துக்கு வண்ணம் கொப்புளம் விட்டிருந்தது. தரை ஓடுகளின் இணைப்புகள் கறுத்திருந்தன. சிலுவை மாட்டிய ஆணி துருப்பிடித்து, சுவரில் பழுப்புக் கோடாக இறங்கியிருந்தது. மூடிய பெட்டியைத் திறந்தால் வரும் அந்த வாடை வேறு. ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. "ஜன்னலைத் திறந்து வையுங்கம்மா, காத்து வரணும்" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு கல்யாணத்துக்குச் சேர்ந்தாற்போல வந்த புடவைகளில் சரிகை கறுத்துவிட்டது. முகூர்த்தப் புடவையில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். கடை முதலாளி கோபமாக வந்து நின்றார். அந்த அம்மாதான் ஈரத்தோடு மடித்து வைத்திருக்கிறார் என்பது அவர் கட்சி. அந்த அம்மா கத்தவில்லை, அழவும் இல்லை. என்னைத்தான் கூப்பிட்டார். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். தண்ணி செவுத்துலேர்ந்து வருதுன்னு. நீங்க சொன்னா அவரு கேப்பாரு. இது போச்சுன்னா எந்தக் கடையும் எனக்குப் பொடவ குடுக்காது சார்."

ஒரு வார்த்தைதான். அதற்குப் பதிலாக நான் ஒரு நடைமுறையைக் கொடுத்தேன். வாய்ப்பேச்சு வேண்டாம், சோதித்தே பார்த்துவிடலாம் என்றேன். அந்த அம்மாவிடமே புடவைக் கவர் ஒன்றை வாங்கி, வெட்டி விரித்து, அவருடைய பழுப்பு டேப்பால் சுவரில் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துத் தாளின் உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், நனைந்திருந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறையில் இருக்கும் ஆவி; இஸ்திரிப் பெட்டியின் வேலை. வியாழன் காலை பத்து மணிக்கு மூவரும் சேர்ந்து பார்ப்பது என்று முடிவானது. நான் விளக்கியதை அந்த அம்மா ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டார். "இது நல்லாக்குது சார். யாரும் மாத்திப் பேச முடியாதுல்ல?" என்றார்.

வியாழன் விடிந்ததும் மாற்றுச் சாவியோடு கீழே இறங்கினேன். தாளின் சுவர்ப் பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். வெளிப்பக்கம் காய்ந்து கிடந்தது. நான் செய்ததை இங்கே சுற்றி வளைத்து எழுதப் போவதில்லை. தாளைப் பிரித்தேன். தோளில் கிடந்த துண்டால் தாளையும் சுவரையும் ஒற்றித் துடைத்தேன். திரும்ப ஒட்டினேன். பழைய டேப் ஒட்டவில்லை என்பதால் மேலே போய் என் மேசையிலிருந்த வெள்ளை டேப்பை எடுத்துவந்தேன். அதோடு நின்றிருக்கலாம். குழாயில் கையை நனைத்து, விரல் நுனிகளால் வெளிப்பக்கத்தில் தெளித்தேன். மாலையில் துணி மடிக்கும்போது மனைவி, "துண்டு ஏன் இப்படிச் சுண்ணாம்பா இருக்குது?" என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், சொல்லும்படியான காரணம் இல்லை. வீடு இடிந்துவிடப் போவதில்லை. ஊரில் யார் வீட்டுச் சுவரில் விரிசல் விட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் சுவர் கசிகிறது என்று ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குத் தெரிவதை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான். அந்தக் காரணம் எவ்வளவு சிறியது என்று பார்க்கும்போதுதான் வெட்கம் இன்னும் கூடுகிறது.

பத்து மணிக்கு முதலாளி தாளைத் தடவிவிட்டு ஈரவிரலை உயர்த்திக் காட்டினார். "எந்தப் பக்கம்மா ஈரம்? நீயே பாரு." அந்த அம்மா அருகில் வந்து, தாளை அல்ல, டேப்பைப் பார்த்தார். வெள்ளை டேப்பின் மேல் ஒரு விரல் ஓடி நின்றது. பிறகு என்னிடம், "நேத்து அஞ்சு மணிக்கே பெட்டிய அணைச்சுட்டு ரூம பூட்டிக்கினு போய்ட்டேனே சார். ஆவி எங்கேர்ந்து வந்துது?" என்றார். நியாயமான கேள்வி. எனக்குக் கீழே வேலை பார்த்த யாரும் என்னிடம் அவ்வளவு நேரான கேள்வியைக் கேட்டதில்லை. அதற்கு நான் 'கண்டென்சேஷன்', 'ட்யூ பாயின்ட்' என்று இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசினேன். முதலாளி தலையாட்டினார். படியேறும்போது குரலைத் தணித்து, "அவங்க தெரு ஆளுங்களே அப்படித்தான் சார், சுத்தம் பத்தாது" என்றார். நான் மறுக்கவில்லை. நான் சொன்ன பொய்யை அவர் அத்தனை சுலபமாக நம்பியதற்கு என் ஆங்கிலம் மட்டும் காரணமல்ல என்பது எனக்கு அந்தப் படியிலேயே தெரிந்தது.

பேச்சு கடைக்குக் கடை போனது. அந்த அம்மாவுக்கு 'ஈரக்கை' என்று பெயர் வந்தது. இரண்டு மாதத்தில் அலமாரி காலியாகி, அறையையும் காலி செய்தார். சாவியை என் கையில் கொடுக்கவில்லை, படிக்கட்டுச் சுவரின் மேல் வைத்தார். "டெஸ்ட்டு பொய் சொல்லாது சார். நான் பாத்துட்டேன்" என்றார். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு சில முறை கடைவீதியில் பார்த்திருக்கிறேன். ஸ்கூட்டரின் பின்னால் மூட்டையோடு வருவார், வேகத்தைக் குறைத்து, "நல்லாக்கிறீங்களா சார்? அம்மா நல்லாக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். திட்டியிருந்தால் பதில் சொல்ல எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

இப்போது சுவர் தாங்காத நிலைக்கு வந்து, வெளியே மண்ணைத் தோண்டித் தார் அடிக்க ஆள் வைத்த பிறகுதான் இந்தத் தாள் வெளியே வந்தது. நான் சொல்லிக்கொடுத்த சோதனையை அவர் மறுபடியும் தனியாக, ஒழுங்காக, யார் கையும் படாத இடத்தில் செய்திருக்கிறார். நாள் இருக்கிறது, முடிவு இருக்கிறது, ஒரு வார்த்தை அதிகமில்லை. என் பணிக்காலத்தில் இதைவிடச் சுத்தமான அறிக்கை என் மேசைக்கு வந்ததில்லை. பிய்த்துக்கொண்டு போய் யாரிடமும் காட்டாமல், என் சுவரிலேயே விட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் காலை தாளை மடித்து எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி எழுந்து வரவேற்றார். சொன்னேன். தண்ணீர் என் சுவரிலிருந்துதான் வந்தது, தாளைத் துடைத்தவன் நான், அந்த அம்மா மேல் தவறில்லை. அவருக்கு ஞாபகம் வரச் சிறிது நேரம் பிடித்தது. "யாரு... ஓ, அந்த ஈரக்கையா? அட விடுங்க சார், எந்தக் காலத்துக் கதை! அவங்க இப்ப வேற யாருக்கோ செஞ்சிக்கினுதான் இருக்காங்க. காபி சொல்லட்டா?" நான் தாளை விரித்து அவர் முன் வைத்தேன். அவர் பதறி ஒரு புடவையை இழுத்துக்கொண்டார். "சார், சார், பட்டு மேல வெக்காதீங்க. உப்பு!"

மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் கொத்தனார் பள்ளத்தில் நின்று தார் அடித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்து, "இன்னும் தூக்கிப் போடலியா சார்?" என்றார்.

"இது நான் வெச்சதில்லப்பா. இங்க குடியிருந்த அம்மா வெச்சது. அஞ்சு வருஷம் முன்னாடி."

அவர் தூரிகையை டின்னில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். கண்ணில் குறும்பு எதுவும் இல்லை. தொழில்காரன் கேட்கிற சந்தேகம் மட்டும் இருந்தது.

"அப்பவே கரெக்டா சொல்லிக்கிறாங்களே சார். அப்புறம் இத்தினி வருசம் யாரு சார் ஒத்துக்கல?"