முருகேசு ஒரு தடவைதான் கேட்டார்

இந்தப் பக்கத்தில் வழக்கமாக அருவியும் குளியலும் கொத்து ரொட்டியும்தான் இருக்கும். இந்த முறை அப்படியில்லை. பஸ், தூரம், செலவு எல்லாம் சரியாகத் தந்திருக்கிறேன், போக நினைப்பவர்களுக்கு உதவும். ஆனால் நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லப் போனேன், அதுவும் மூன்று வருடம் பிந்தி.

போன வருடம் வரை கொழும்பில், வெளிநாட்டு உதவிகளை ஒருங்கிணைக்கும் ஒரு திட்ட அலுவலகத்தில் இருந்தேன். எந்த நாடு எந்த ஊருக்கு என்ன கொடுக்கிறது என்று ஒரு பட்டியல். ஒரே ஊருக்கு ஒரே உதவி இரண்டு தடவை போகாமல் பார்ப்பது என் வேலை. ஒரே மாதிரி இரண்டு வரி கண்டால் ஒன்றை அடித்துவிடுவேன். அரசாங்கத்துக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறேன் என்ற பெருமை வேறு.

வேலையை விட்டபோது கோப்புகளை ஒப்படைக்க எடுத்தேன். ஒன்றில் கோட்டுத்தாளில் எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. பாலம் தர முடியாது என்று நாங்கள் அனுப்பிய கடிதத்துக்குப் பதில். "நாங்கள் ஒரு தடவைதான் பாலம் கேட்டோம் ஐயா. தயவுசெய்து வந்து பாருங்கள். கோவில் கமிட்டித் தலைவர், பெ. முருகேசு." மேலே 'கிடைத்தது' என்று முத்திரை குத்தியிருந்தோம். பதில் எழுதியதாக எந்த அடையாளமும் இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்து என்னை விடவில்லை.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை 8.10க்குப் புறக்கோட்டையில் பஸ் ஏறினேன். அவிசாவளை வரை இரண்டு மணிநேரம், 240 ரூபாய். வலப்பக்கம் உட்காராதீர்கள், வெயில் சுடும். அவிசாவளையில் தேநீரும் இரண்டு வடையும் 160 ரூபாய், வடை ஆறிப்போயிருந்தது. அங்கிருந்து தெஹியோவிட்டவுக்கு அரை மணிநேரம், 70 ரூபாய். சந்தியில் ஓட்டோ பேசினேன். தோட்டத்துக்கு 9 கிலோமீட்டர், 1,500 கேட்டு 1,200க்கு இறங்கினார். சாரதியின் பெயர் சந்திரன், அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்தான்.

"யார் வீட்டுக்குங்க சார்?"

"கோவில் கமிட்டித் தலைவர் முருகேசு."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அவர் செத்து ரெண்டு வருசமாகப் போகுதே சார். தெரியாதா?"

தெரியாது. பையில் கடிதமும், அவருக்கென்று வாங்கிய பிஸ்கட் பெட்டியும் இருந்தன. அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் நான் எதையும் பார்க்கவில்லை.

பாதை நல்ல கொங்கிரீட். ஆரம்பத்தில் ஒரு பலகை, அதில் உதவிய நாட்டின் கொடி. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிரட்டை. 11.45க்கு ஓர் ஓடைக் கரையில் பாதை சட்டென்று முடிந்தது. முப்பது அடி அகலம், கணுக்கால் அளவு தண்ணீர். அக்கரையில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் தெரிந்தன.

"இப்ப பாத்தா சிரிப்பாத்தான் இருக்கும். வைகாசில வந்து பாருங்க, மரத்தையே உருட்டிக்கிட்டுப் போகும்" என்றார் சந்திரன்.

அப்படி ஒரு வைகாசியில்தான் முருகேசுவுக்கு ரப்பர் பால் வெட்டும் இடத்தில் நெஞ்சு வலித்திருக்கிறது. போன் பண்ணி நாற்பது நிமிடத்தில் அம்பியூலன்ஸ் வந்துவிட்டது. நாங்கள் நின்ற அதே கொங்கிரீட்டில் நின்றது. அக்கரையில் அவரைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். நடுவில் தண்ணீர். பிறகு மலையைச் சுற்றி நாலு கிலோமீட்டர் தூக்கிப் போனார்கள். பாதி வழியில் உயிர் போய்விட்டது.

"இந்த ரோட்டோடு ஒரு பாலமும் கட்டியிருக்கணுமே?" என்று கேட்டேன். என் பட்டியலில் 'வீதியும் பாலமும்' என்று இருந்தது எனக்கு மனப்பாடம்.

"பாலமா? கீழ சந்திக்கிட்ட கானுக்கு மேல ஒரு சின்ன மதகு கட்டினாங்க. அதத்தான் எழுதியிருப்பாங்க."

வரும்போது அதன்மேல்தான் வந்திருக்கிறோம். எனக்குத் தெரியக்கூட இல்லை.

நடந்தது இதுதான். வீதிக்குப் பணம் கொடுத்தது ஒரு நாடு, இந்த ஓடைப் பாலத்துக்குக் கொடுக்க இருந்தது இன்னொரு நிறுவனம். கீழே சந்தியிலுள்ள கிராமமும் இந்தத் தோட்டமும் ஒரே கிராம சேவகர் பிரிவில் இருந்ததால் பட்டியலில் இரண்டும் ஒரே ஊர். டிசம்பருக்குள் செலவழிக்காத பணம் திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்று மேலிடத்தில் அவசரம். இரண்டு பாலம் எதற்கு என்று இரண்டாவது வரியை அடித்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏட்டில் பாலம் இருந்தது.

சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்து ஓடையைக் கடந்தோம். பால் நிறுக்கும் கொட்டகையில் ஆட்கள் வாளிகளோடு வரிசையாக நின்றார்கள். முருகேசுவின் மனைவி ராஜேஸ்வரியைச் சந்திரன் காட்டினார். நான் எந்த அலுவலகம் என்று சொன்னதும் அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். அவரு ரெண்டு எடத்தில கேட்டாரா?"

"ஏன் கேட்கிறீங்க?"

"ஒங்க கடுதாசி சிங்களத்தில வந்துச்சு. ரெண்டு தரம் கேட்டதால தர முடியாதுன்னு இருக்குன்னு கிராம சேவகர் மாத்தயா வாசிச்சாரு. ரெண்டு பக்கமும் கை நீட்டி உள்ளதையும் கெடுத்துட்டான்னு தோட்டமே பேசுச்சு. கமிட்டியில இருந்தும் எடுத்துட்டாங்க. அப்பறம் அவரு கோயிலுக்கே போகல்ல."

'இரட்டை விண்ணப்பம்.' அந்த வார்த்தையைத் தட்டச்சு செய்தது என் கைதான்.

"இல்லைங்க. அவர் ஒரு தடவைதான் கேட்டார். பிழை என்னுடையது."

அழுவார், ஏசுவார் என்று நினைத்தேன். அவர் வரிசையைக் காட்டினார். "எனக்குத் தெரியும் சார். அவங்ககிட்ட சொல்லுங்க."

சொன்னேன். சப்பாத்து இன்னும் கையில் இருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன், என் பெயரையும் சொன்னேன். நிறுப்பவர் தராசை விட்டுவிட்டுக் கேட்டார். "ஆள் போனப்பறம் வந்து சொல்றாரு" என்றார் பின்னால் நின்ற ஒரு பெண். நியாயம்தான். கமிட்டியின் இப்போதைய தலைவராம், ஒருவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப நாங்க பேசினதெல்லாம்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். முன்னால் நின்றவர்கள் விலகி ராஜேஸ்வரிக்கு வழி விட்டார்கள். அவர் வாளியைத் தராசில் வைத்து, "நிறுங்க" என்றார்.

பிஸ்கட் பெட்டியை வாங்கிக்கொண்டார். முருகேசுவின் கடிதத்தை நீட்டினேன். "அது ஒங்களுக்கு எழுதினது சார்" என்று திருப்பித் தந்துவிட்டார்.

போகிறவர்களுக்கு: தெஹியோவிட்டவிலிருந்து திரும்பும் பஸ்ஸை நாலரைக்குள் பிடித்துவிடுங்கள். அட்டைக்கு உப்பு கொண்டு போங்கள். வைகாசி, ஆனியில் ஓடையைக் கடக்க முயலாதீர்கள். பாலத்துக்குப் புதிதாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த வருட மதிப்பீடு முடிந்துவிட்டதாம், அடுத்த வருடம் பார்ப்பார்களாம்.

என்னைப்போல் எங்காவது பட்டியல் பார்க்கிறவர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடிப்பதற்கு முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கொழும்பிலிருந்து அந்த ஓடை வரை போக, வடையைச் சேர்க்காமல், எனக்கு ஆனது 1,510 ரூபாய். அவர் வரச்சொன்னபோதே போயிருந்தால் இன்னும் குறைந்திருக்கும்.