மழையில் நிற்கிறவன்

என் மாப்பிள்ளை ஸனூஸுக்கு, எங்கள் ஊரில் புருஷனை அப்படித்தான் சொல்வோம், இரண்டு தொழில். ஒன்று, பதுளைப் பஜாரில் அவருடைய வாப்பா விட்டுப்போன துணிக்கடை. சோறு அதிலிருந்து வருகிறது. மற்றது, டீவியில் கேம் விளையாடி, அது நல்லதா கெட்டதா என்று யூடியூபில் தமிழில் சொல்வது. அதில் ஒரு சதமும் வருவதில்லை, ஆனால் அதைத்தான் அவர் தொழில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்தால் கடை திறக்கிற நேரம்வரை கன்ட்ரோலரும் கையுமாக உட்கார்ந்திருப்பார். நாற்பது தாண்டிய மனுஷன். நான் சிரித்தும் இருக்கிறேன், ஏசியும் இருக்கிறேன்.

அதிலும் ஒரு நேர்மை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கடைசிவரை விளையாடி முடிக்காத கேமைப் பற்றி அவர் வாய் திறக்கமாட்டார். கத்தாரிலிருந்து வருகிறவர்களிடம் கேம் டிஸ்க் வாங்கிவரச் சொல்லிவிடுவார். கொழும்பில் பழைய டிஸ்க் வாங்கப் போனால் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கீறல் தேடுவார். வீடியோவில் முகம் கிடையாது, குரல் மட்டும்தான். "கதை நல்லம். ஆனா எழுத்து ரொம்பச் சின்னது, சின்ன டீவி வச்சிருக்கிறவங்க காச வீணாக்காதீங்க" என்பார். சாயம் போகிற துணியைச் சாயம் போகும் என்று சொல்லியே விற்கிற அதே குரல்.

ஒருமுறை, மலைச்சரிவில் தனி மனிதன் ஒருவன் வீடு கட்டித் தோட்டம் போடுகிற ஒரு கேமைப் பற்றிப் பேசி, "மழை பெய்யுது, செடி வளருது, வேற ஒண்ணும் இல்ல" என்று முடித்துவிட்டார். அதற்குக் கீழே ஒருவன், இவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டு, எழுதினான்: "நானா, நீங்க மழைய கடைக்குள்ள இருந்து பாத்திருக்கீங்க. லயத்துல இருந்து பாத்தவனுக்குத்தான் இது எவ்வளவு சரியா செஞ்சிருக்காங்கன்னு தெரியும்."

அவன்தான் கிரிஷாந்தன். ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் வீடு. சுற்றுலாக்காரர்கள் வருகிற எல்ல என்ற ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை, லீவுக்குத்தான் வீட்டுக்குப் போவான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சண்டையில் ஆரம்பித்த பழக்கம், ஒரே கணக்கில் கேம் வாங்குகிற அளவுக்கு வளர்ந்தது. இங்கே கேம் விளையாடுகிறவர்கள் பலரிடமும் இந்த வழக்கம் இருக்கிறது. இரண்டு பேர் பாதிப் பாதி போட்டு ஒரு கணக்கில் வாங்கி, இருவர் வீட்டுக் கன்சோல் பெட்டியிலும் அதே கணக்கைத் திறந்துகொள்வார்கள். ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் திறந்தால் முதல் ஆளை அது வெளியே தள்ளிவிடும். ஒப்பந்தம் ஒன்றுதான், மூன்றாவது பெட்டியில் போடக்கூடாது.

அந்த மலைச்சரிவுத் தோட்டத்தையும் இருவரும் சேர்ந்தே வளர்த்தார்கள். காலையில் இவர், பிற்பகலில் அவன். பச்சை மழைக்கோட்டுப் போட்ட அந்த மனிதனை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டுத்தான் யாரும் நிறுத்துவார்கள். மூன்று பிள்ளை பெற்றேன், ஒன்றையாவது இவர் தூங்கவைத்திருப்பாரா?

நவம்பர் மழையில் ஹல்துமுல்லையில் மலை சரிந்து இறங்கியது. கிரிஷாந்தன் அன்று லீவில் வீட்டிலிருந்தான். அவன் மனைவி யசோதினி, பிள்ளை பெற்றிருந்த தங்கச்சியைப் பார்க்கப் பண்டாரவளைக்குப் போயிருந்தாள். அவன் வீட்டு லய வரிசை இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் மிஞ்சியது. தோண்டிப் பார்த்தார்கள், அவன் கிடைக்கவில்லை. பிறகு தோண்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். லீவுக்குக் கையோடு கொண்டுபோயிருந்த அவனுடைய கன்சோலும் அந்த மண்ணுக்குள்தான்.

ஸனூஸ் கன்ட்ரோலரைத் தொடாமல் கிடந்தார். பிறகு ஒரு காலையில், சும்மா பார்ப்போம் என்று அந்தத் தோட்டத்தைத் திறந்திருக்கிறார். "முஷ்ரிபா, இங்க வா" என்று கூப்பிட்ட குரலில் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

படுக்கையில் இருக்க வேண்டிய மனிதன் வெளியே மழையில் நின்றான். மூடிய கதவுக்கு முன்னால், கதவைப் பார்த்தபடி, அசையாமல். யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டால் வீட்டு ஓரத் தொட்டிச் செடிகள் வாடிவிடும் என்று இவர் முன்பே சொல்லியிருக்கிறார். ஆனால் அவை பசுமையாக இருந்தன. மண் ஈரமாக இருந்தது.

"நீங்கதான் மறந்துபோய் வெளிய விட்டிருப்பீங்க" என்றேன். அவர் அவனை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். மறுநாள் காலையில் திறந்தால் அவன் மறுபடியும் வாசலில் நின்றான். அதற்கடுத்த நாளும் அப்படியே.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, நான் பக்கத்தில் இருக்கும்போதே திறந்தார். மனிதன் கட்டிலில்தான் படுத்திருந்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டது. இந்தக் கணக்கு வேறோர் இடத்தில் திறக்கப்பட்டுள்ளது என்று எழுத்து வந்தது. கணக்கின் இரகசியச் சொல் தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் என் பக்கத்தில் இருந்தார். மற்றவன் மண்ணுக்கடியில். பட்டப்பகலில், ஜன்னலுக்கு வெளியே பஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, யாரோ ஈரக் கையை என் முதுகில் வைத்தது போலிருந்தது. ஆயத்துல் குர்ஸியைச் சத்தமாகவே ஓதினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவள் நான்தான்.

இதோடு போயிருந்தால் எங்கள் வீட்டுப் பயமாகவே முடிந்திருக்கும். நுணலும் தன் வாயால் கெடும். அடுத்த கிழமை யசோதினியை அழைத்துக்கொண்டு அவளுடைய அண்ணன் ஜெயராசா எங்கள் கடைக்கு வந்தார். கருமாதிக்குக் கோடி எடுக்க வேண்டும். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீடு எடுத்துக் கொடுக்கிற வெள்ளைச் சேலை அது. அவள் மர வாங்கில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி அப்படியே இருந்தது. இவர் சேலையை விரித்துக் காட்டியவர், திடீரென்று குரல் உடைந்து, "தங்கச்சி, அவன் கணக்கு இன்னும் தொறக்குது. யாரோ வெளயாடுறாங்க" என்றார்.

அவர் வாயைப் பொத்த எனக்குக் கை எட்டவில்லை.

யசோதினி எழுந்துவிட்டாள். "அவரு உசுரோட இருக்காரு" என்றாள். சேலையைத் தொடவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து டீவிக்கு முன்னால் நின்றாள். திரையில் அந்த மனிதன் வழக்கம்போல மழையில் நின்றான். "பாருங்கக்கா, வீட்டுக்குள்ள போக முடியாம நிக்கிறாரு" என்று என் கையைப் பிடித்தாள். அவள் கை கொதித்தது.

அதற்குப் பிறகு கருமாதி என்ற பேச்சையே அவள் எடுக்கவிடவில்லை. முகாமாக்கியிருந்த பள்ளிக்கூடத்தில், சாப்பாடு வரும்போதெல்லாம் புருஷனுக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்தாளாம். ஜெயராசா எனக்கு போனில் கோல் எடுத்து அழுதார். "காரியம் நடக்கலன்னா செத்தவனுக்கும் போக்கில்ல, இவளுக்கும் புத்தி தங்காதுங்க."

அன்று ஸனூஸை நான் ஏசிய ஏச்சு பக்கத்துக் கடைவரை கேட்டிருக்கும். ஏசிக்கொண்டே போனபோதுதான் எனக்கு அது தோன்றியது. "பேயோ மனுசனோ, இந்தப் பெட்டிக்கு கரண்ட் வேணும், இன்டர்நெட் வேணும். அந்த லயத்துல இப்ப ரெண்டும் இல்ல. அவன் வேற எங்க இருந்தான்?"

"எல்லவில" என்றார். சொன்ன பிறகு முகம் வெளுத்தது. "அங்க கெஸ்ட்டுகள் உக்காந்திருக்கிற ஹோல்ல ஒரு கன்சோல் இருக்குன்னு சொல்லியிருக்கான்."

மறுநாளே போனோம். யசோதினியை விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன், அவள் விடவில்லை. பஸ்ஸில் மடியில் ஒரு பையை வைத்திருந்தாள். உள்ளே மடித்து வைத்த ஆண் சட்டை ஒன்று, புதிது. நிவாரணத்தில் வந்த உடுப்பில் தேடி எடுத்தாளாம். "அவரு உடுத்தியிருந்ததோட போயிருப்பாரு இல்லையாக்கா, மாத்திக்கட்டும்" என்றாள். அவன் அங்கே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நொடி நானும் ஆசைப்பட்டேன்.

மண்சரிவுக்குப் பிறகு எல்லவில் வெள்ளைக்காரர்களே இல்லை. கெஸ்ட் ஹவுஸ் கேட் திறந்து கிடந்தது. கதிரைகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மூடுபனி வராந்தாவுக்குள் வந்திருந்தது. வெளியே ஒரு சொட்டு மழை இல்லை, ஆனால் வீட்டுக்குள்ளிருந்து மழைச் சத்தம் கேட்டது. சோவென்று, தகரக் கூரையில் கொட்டுகிற மழை. நாங்கள் மூவரும் வாசலிலேயே நின்றுவிட்டோம்.

ஹோலில் டீவிக்கு முன்னால் ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தொப்பி வைத்த கறுப்புக் கம்பளிச் சட்டை. தொப்பி தலையை மூடியிருந்தது. "அவரு சட்டை" என்றாள் யசோதினி. பிறகு, என் வாழ்நாளில் நான் மறக்காத குரலில், "என்னங்க" என்று கூப்பிட்டாள்.

உருவம் திரும்பியது. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி. கையில் கன்ட்ரோலர்.

அங்கே சமையல் வேலை செய்கிற இராக்கம்மாவாம். கன்ட்ரோலரைப் பதறிக் கீழே வைத்து, "மொதலாளிகிட்ட சொல்லிறாதீங்க நானா" என்று கும்பிட்டாள். யசோதினி யாரென்று நான் சொன்னதும் அவளுக்கு வாய் குழறியது. "தம்பிதான் பழக்கிவுட்டுச்சி. லீவுல போறப்ப, அக்கா, செடிக்கு தண்ணி மட்டும் ஊத்திருங்க, வந்து பாத்துக்கிறேன்னு சொல்லிட்டுப் போச்சு. அது வரல. அதுக்காக செடிய காயவுட முடியுமா? சமையல் முடிஞ்சதும் வந்து ஊத்துறேன். சட்ட கொக்கியில தொங்கிச்சு, குளுருக்குப் போட்டுக்கிட்டேன்."

மூன்றாவது பெட்டி. வேறொரு நாளாக இருந்தால் ஒப்பந்தத்தை மீறியதற்கு ஸனூஸ் குதித்திருப்பார். அன்று சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யசோதினி அழவில்லை. திரையைக் காட்டி, "அவர ஏன் மழையில நிக்க வைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"எழுப்புனா அதுவே வெளிய வந்துருது தாயி. தண்ணி ஊத்தத் தெரியும். வாசல் வரைக்கும் கொண்டுபோயி விடுவேன். உள்ள போக எத அமுக்கணும்னு தம்பி சொல்லித் தரல."

யசோதினி சட்டை இருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு டீவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டாள்.

"நானா, உள்ள போறதுக்கு எது?"

ஸனூஸ் குனிந்து காட்டினார். கதவு திறந்தது. அவளுக்கு நடத்தத் தெரியவில்லை. மனிதன் சுவரில் முட்டினான், மேசையில் முட்டினான், திரும்பி வாசலுக்கே வந்தான். உதவப் போன இவரை நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவளே தட்டுத்தடுமாறிக் கட்டிலுக்குக் கொண்டுபோனாள். அவன் படுத்தான். மழைச் சத்தம் மெல்லக் குறைந்து நின்றது.

இராக்கம்மா கம்பளிச் சட்டையைக் கழற்றி நீட்டினாள். யசோதினி வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு சட்டைக்குள்ளிருந்தே பேசினாள்.

"அண்ணனுக்கு கோல் எடுங்கக்கா. கோடி எடுக்க வரச் சொல்லுங்க."