வில்லனின் அங்கி

இதை எழுதவே கூசுகிறது. சூப்பர் ஹீரோ படங்களை அலசுவதற்கென்று எங்களுக்கு ஒரு வாட்சப் குழு இருக்கிறது. வில்லன் பக்கம்தான் நியாயம் என்று அதில் மல்லுக்கட்டுபவன் நான். புதிதாகச் சேர்பவர் தன்னிடமுள்ள சூப்பர் ஹீரோ பட பொம்மையொன்றைப் படமெடுத்துப் போட வேண்டும். அது அசலா போலியா என்று தீர்ப்புச் சொல்வதும் நான்தான். என்னிடம் இருப்பவை கட்டாரிலிருந்து மச்சான் அனுப்பிய அசல்கள். அந்தத் திமிர் எனக்கு.

ஒருவர் மலிவான வில்லன் பொம்மையொன்றைப் போட்டார். அதற்கு ஊதாத் துணியில் கால்வரை நீண்ட ஓர் அங்கியும் தானே தைத்து மாட்டியிருந்தார். "இது வில்லனா, இடுப்பில கட்டின சாரத்தோட குளிக்கப் போற ஆளா?" என்று எழுதினேன். குழுவே சிரித்தது.

போன மாதம் சாரம் வாங்கக் காத்தான்குடிக்குப் போனேன். துணிக்கடைக்காரரின் மேசையில் அதே வில்லன் நின்றான். அங்கி இப்போது குட்டையாக, ஓரம் மடித்து அழகாகத் தைக்கப்பட்டிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"எங்கட குழுவில ஒரு அண்ணன் பகிடியாச் சொன்னாரு, சாரம் மாதிரி இரிக்கி எண்டு. பார்த்தா உண்மைதான். அதான் வெட்டித் தைச்சன். விசயம் தெரிஞ்ச ஆள் அவரு. உங்களுக்கும் இதில விருப்பமா?"

குழுவில் என் படத்துக்குப் பதிலாக ஒரு முகமூடியைத்தான் வைத்திருக்கிறேன். அந்த ஆள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"சீச்சீ, இதெல்லாம் சின்னப் புள்ளையள்ற விளையாட்டு" என்றேன்.

அவர் வில்லனை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடிவிட்டு, எனக்குச் சாரம் விரித்துக் காட்டினார்.