வரதன் வண்டிக்கு ரமாபாய் ஊதியது

வியாசர்பாடி ரமாபாய் வாழ்நாளில் ஒரு சொட்டு சாராயம் தொட்டவள் இல்லை. அப்பன் குடித்துச் செத்தான், கட்டியவனும் குடித்துச் செத்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி புத்த விகாரையில் வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்து ஐந்து உறுதிமொழிகளைச் சொல்வாள். நாலைச் சாதாரணமாகச் சொல்வாள். போதையைத் தொடமாட்டேன் என்கிற ஐந்தாவதை மட்டும் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திச் சொல்வாள். குடிகாரனைக் கண்டாலே அவளுக்கு அடிவயிறு எரியும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் பெருக்குவது. அதாவது, டிரைவர்கள் வீசியெறிந்த குவார்ட்டர் பாட்டில்களைப் பொறுக்குவது.

போன வருடம் எல்லா டிரெய்லரிலும் ஊதுகிற மெஷின் மாட்டினார்கள். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குழாய், அதன் மேல் ஒரு சின்னக் கேமரா. சுத்தமான மூச்சென்றால் நேரத்தைக் குறித்துக்கொண்டு வண்டியைக் கிளம்ப விடும். சாராய வாடை அடித்தால் இஞ்சின் கிளம்பாது. ஊதியவன் மூஞ்சியைப் படம் பிடித்து முதலாளிக்கும் இன்சூரன்ஸ்காரனுக்கும் அந்த நொடியே அனுப்பிவிடும். நல்ல ஏற்பாடுதானே? ரமாபாய் கண் கலங்க மெஷினைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஒரு வாரம் தாங்கவில்லை. துறைமுக கேட் வரிசை நகராத நேரமெல்லாம் டிரைவர்களுக்குக் கட்டிங் போடுகிற நேரம். அது இந்த ரோட்டில் ஊரறிந்த வழக்கம். பாதி வண்டி யார்டிலேயே முடங்கியது. சூப்பர்வைசர் அசோகன் மண்டையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு அந்தப் படுபாவியின் கண் விளக்குமாறு பிடித்திருந்தவள் மேல் விழுந்தது.

"யக்கா, நீதான் குடிக்க மாட்டியே. இந்தாண்ட வா, ஒரு ஊது ஊதிட்டுப் போ."

"நான் இன்னாத்துக்கு சார் ஊதணும்? வண்டிய நானா ஓட்டப் போறேன்?"

"வேலை வேணுமா, வேணாவா?"

மகள் மகிழினி காலேஜ் இரண்டாம் வருடம். வேலை வேண்டும். ஊதினாள். படம் கிடம் விழுந்து தொலையப்போகிறது என்று அசோகன் அவள் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைக் கேட்டு வாங்கிக் கேமராவின் கண்ணில் ஒட்டினான். புருஷன் செத்தபோது ஊரே சொல்லியும் அவள் எடுக்காத பொட்டு அது. அன்றிலிருந்து தினம் பத்து வண்டி, வண்டிக்கொரு பொட்டோடு, அவள் மூச்சில் கிளம்பியது. தூ! இதுவும் ஒரு பிழைப்பா?

போன செவ்வாய்க்கிழமை காலை வரதன் வண்டிக்கு ஊதினாள். அரை மணி நேரத்தில் அவன் எர்ணாவூரில் இட்லிக்கடை குப்பம்மாவின் தள்ளுவண்டி மேல் ஏற்றிவிட்டான். குப்பம்மாவுக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கே விசாரிக்க வந்த இன்சூரன்ஸ்காரரிடம் அசோகன் மெஷின் குறித்து வைத்திருந்ததைக் காட்டினான். "டிரைவர் கிளீனா கீறான் சார். மெஷின் பொய் சொல்லுமா? கெயவிதான் குறுக்க வந்துச்சு."

வந்தவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். தப்பு குப்பம்மா தலையில் விடிந்தது. ரமாபாய் ஓடிவந்து அசோகனை மறித்தாள்.

"என் மூச்ச வச்சு அவ கால எடுத்துட்டு, பழியையும் அவ மேலயே போடுறியா? நான்தான் ஊதுனேன்னு சொல்லுவேன்!"

அசோகன் சிரித்தான். "சொல்லேன். மெஷின்ல உன் மூஞ்சி கீதா?"

அந்தச் சிரிப்பு அவளை நாலு நாள் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அதே வரதன், வேறு வண்டி. கண் இரண்டும் கோவைப்பழம். "யக்கா, ஊதுக்கா, டைம் ஆவுது," என்று குழறினான்.

ரமாபாய் விளக்குமாற்றோடு ஏறினாள். சீட்டுக்குப் பின்னால் பாதி குவார்ட்டர் இருந்தது. எங்கே ஒளித்து வைப்பான்கள் என்று அவளுக்குத் தெரியாதா? கேமராவிலிருந்த பொட்டை உரித்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். பாட்டிலைத் திறந்தாள். சுத்தமான மூச்சுக்கு மெஷின் படம் அனுப்பாது. இத்தனை வருடம் கத்திச் சொன்ன ஐந்தாவது உறுதிமொழி. குப்பம்மாவின் காலை நினைத்துக்கொண்டு வாய் நிறைய ஊற்றினாள். நாக்கு எரிந்தது. கொப்பளித்து ஜன்னல் வழியே துப்பினாள். கீழே நின்ற வரதன் சட்டையெல்லாம் சாராயம்.

"ஐய, கலீஜு! இன்னாக்கா பண்ற?"

ஊதுவது பெருக்குகிறவள் என்று தெரியட்டும் என்று விளக்குமாற்றை முகத்தருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினாள். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. கூ கூ என்று கத்தியது.

சத்தம் கேட்டு அசோகன் ஓடி வருவதற்குள் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். முதலாளி. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

ரமாபாய் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"இப்ப கீது சார், என் மூஞ்சி," என்றாள்.