மூன்று இழுப்பு

நம்பாதவர்கள் செம்மண்டலம் வந்து பொன்னியின் உள்ளங்கையைப் பார்க்கட்டும். கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. கதை கட்டுகிற பெண் அல்ல அவள். நடந்ததும் பட்டப்பகலில்.

வீடுகளுக்குப் பின்னாலிருக்கும் காட்டில் சீமைக்கருவேலத்தை ஒழிக்கும் குழுவில் அவள் இருந்தாள். மருந்து ஊற்றமாட்டார்கள். மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, கயிறு கட்டி இழுப்பார்கள். கடப்பாரையோடு வேரடியில் நிற்பவர் முள்ளுக்குள் தெரியமாட்டார். கயிற்றைச் சுண்டித்தான் பேசுவார். ஒன்று என்றால் இழு. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் ஆபத்து, ஓடி வா.

இதைப் பழக்கிவிட்டவரே பொன்னியின் அப்பா ராஜமாணிக்கம்தான். இது நடப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை, சிதம்பரத்தில் கல்யாணம் என்று கிளம்பினார். திரும்பவில்லை. சிதம்பரத்தைச் சல்லடை போட்டுத் தேடியாயிற்று. அம்மா தைலம்மாள் அப்போதும் பூ வைத்துக்கொண்டுதான் இருந்தாள். இருக்கிறாரா, இல்லையா... அது ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது பொன்னிக்கு.

அன்றைக்கு வேரடியில் அருள்முருகன். கயிற்றின் இந்த முனையில் பொன்னி.

ஒரு இழுப்பு வந்தது. இழுத்தாள்.

பிறகு கடப்பாரைச் சத்தம் நின்றுபோனது. குருவிச் சத்தமும் இல்லை.

மூன்று இழுப்பு.

"அருள் மாமா, என்னாச்சு?"

கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மறுபடி மூன்று. மெதுவாக... தெம்பில்லாதவர் இழுப்பது மாதிரி. மூன்றாவதை விடாமல் இழுத்துப் பிடிப்பது அவள் அப்பாவின் பழக்கம்.

இதுவும் விடவில்லை.

"யாருகூட இழுத்துக்கினு கிடக்குற பொன்னி?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. தண்ணீர்க் குடத்தோடு அருள்முருகன் நின்றார்.

சர்ரென்று கயிறு அவள் கையை அறுத்துக்கொண்டு முள்ளுக்குள் ஓடியது.

வெட்டி வழிசெய்து உள்ளே போனார்கள். வேரில் கட்டிய முடிச்சு அவிழ்ந்திருந்தது. கயிறு மக்கிய முட்களுக்கு நடுவே, மண்ணுக்குள் இறங்கியிருந்தது. கீழே ஒரு பாழுங்கிணறு.

தீயணைப்புக்காரர்கள் எலும்புகளை மேலே கொண்டுவந்தார்கள். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுக்கரை வேட்டி இருந்தது. கால் எலும்பு மட்டும்தான் முறிந்திருந்தது. பக்கத்தில் குழுவின் பழைய கயிறு. காட்டில் மறந்துவிட்ட அதை எடுத்துவைத்துவிட்டு பஸ் ஏறலாம் என்று வந்திருக்கிறார்.

அந்தக் கயிற்றின் மறுமுனை மேலே முட்குவியலில் சிக்கியிருந்தது. கீழேயிருந்து வீசியிருக்கிறார்.

திறந்த பள்ளத்தைக் கண்டால், ஆடு மாடு விழாமலிருக்க வெட்டிய முள்ளைப் போட்டு மூடுவது குழுவின் வழக்கம். அந்த ஞாயிறு மத்தியானம் இந்தப் பள்ளத்தை மூடியவள் பொன்னி. எட்டிப் பார்த்தாள். இருட்டாக இருந்தது. முள்ளைப் போட்டாள்.

அப்பா இல்லை என்பதை அம்மாவிடம் சொல்லிவிட்டாள். மீதியை இன்றுவரை சொல்லவில்லை.

மூடிவிட்டுத் திரும்பும்போது அந்த முட்குவியல் அசைந்தது. மூன்று முறை. காற்று என்று நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள்.