கடலுக்கு வந்தவர்கள் கேட்ட கிணறு

யார் வந்து எதைத் தருவதாகச் சொன்னாலும் முதலில் அவர்கள் எதை எடுத்துப் போவார்கள் என்று பார்ப்பது என் சுபாவம். "உனக்குச் சுவாமியார் ஆசீர்வதிச்சாலும் சந்தேகம்" என்பார் என் கணவர். அவர் மீனவர் சங்கத்தில் இருப்பவர், நாலு பேரை நம்பித்தான் ஆகவேண்டும்.

அன்று கோயில் மண்டபத்தில் கம்பனிக்காரர் படம் போட்டுக் காட்டினார்கள். கடலுக்குள் காற்றாடிகள் நிற்குமாம். அவற்றின் அடியில் அலையோடு ஏறி இறங்கும் மிதவைகள் இருக்குமாம். காற்றிலும் அலையிலும் வரும் மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டுவந்து, தண்ணீரைப் பிரித்து ஐதரசன் வாயு எடுப்பார்களாம். அது எரிபொருளாகக் கப்பலேறிப் போகுமாம். எங்கள் ஆட்கள் வலையைப் பற்றியும் படகு போகும் பாதையைப் பற்றியுமே திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் வந்தவர்களில் இருவரை என் கணவர் தேத்தண்ணிக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தார். ஒருவர் பொறியியலாளர், மற்றவள் அவருக்குக் கீழே வேலை செய்யும் இளம் பெண். அவள் முதலில் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, "போத்தல் தண்ணியோ அக்கா?" என்றாள்.

"எங்கட கிணறுதான். நல்ல தண்ணி."

எனக்குப் பெருமைதான். சுற்றிலும் பல கிணறுகள் உவர். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் எங்கள் கிணறு மட்டும் எப்படித் தப்பியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பொறியியலாளர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "என்ன ஆழம் இருக்கும்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கடலில் வேலை செய்ய வந்த மனிதருக்கு என் கிணற்றின் ஆழம் எதற்கு?

"ஏன் கேக்கிறீங்கள்?"

"சும்மாதான்."

"ஐதரசன் எடுக்க எந்தத் தண்ணி வேணும்?"

"உப்பில்லாத தண்ணி. கடல் தண்ணியில உப்பை எடுத்துப்போட்டுப் பாவிப்பம்."

"அந்த மிசின் பழுதாப் போனா?"

அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

அவர்கள் போனபின் வீட்டில் சண்டை. வந்தவர்களைக் கள்ளரைப்போல விசாரித்து மானத்தை வாங்கிவிட்டேனாம். அவருக்கு மானம், எனக்குக் கிணறு. அது போனால் தண்ணீர் பவுசர் லொறி வரும்வரை குடத்தோடு றோட்டில் காய வேண்டியவள் நான்தானே.

அடுத்த கிழமை பொறியியலாளர் வெறும் போத்தல்களோடு வந்தார். கிணற்றுத் தண்ணீரை இலவசமாகப் பரிசோதித்துத் தருவார்களாம். இலவசம் என்றதும் என் சந்தேகம் உறுதியாயிற்று. கணவர் கடலுக்குப் போயிருந்தார். "இருங்கோ, நானே அள்ளித் தாறன்" என்று அவரை முன்னால் கதிரையில் இருத்திவிட்டு, குசினியில் ஒரு பிடி உப்பை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். வாளியில் அதைக் கரைத்துப் போத்தல்களை நிரப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு முழுக்க எனக்குள் ஒரே சிரிப்பு.

மறுபடியும் மண்டபத்தில் கூட்டினார்கள். பொறியியலாளர் முகம் மலர்ந்து பேசினார். கடல் தண்ணீரிலிருந்து நல்ல தண்ணீரைப் பிரித்தபின் கடும் உப்புநீர் மிஞ்சும், அதை விடுவதற்குக் குளம் வெட்ட இடம் கிடைத்துவிட்டது என்றார். படத்தில் அவர் விரல் வைத்த இடம் எங்கள் வேலிக்குப் பின்னால் கிடக்கும் வெறுங்காணி.

"பக்கத்துக் கிணறு ஏற்கெனவே உவர். கெட்டுப்போக அதில ஒண்டும் இல்லை."

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் கிணற்றை நானே காட்டிக்கொடுக்க வேண்டும், பேசாமல் இருந்தால் அதை உப்புக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் அந்தப் பெண் எழும்பினாள்.

"சேர், அந்தக் கிணத்துத் தண்ணி நான் குடிச்சனான். நல்ல தண்ணி."

அவளுக்கு நன்றி சொல்வதா, அவளையும் சந்தேகிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பொறியியலாளர் வந்தார். நான் வாளியை எடுக்கப் போனேன். "பரவாயில்லை, நானே அள்ளுறன்" என்றார். அதுவரை எல்லாரையும் சந்தேகித்தவளை அன்றுதான் ஒருவர் சந்தேகித்தார். அவர் அள்ளி, உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தார். இன்னொரு கை குடித்தார். பிறகு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நல்ல தண்ணி" என்றார்.

யாராவது அப்படிச் சொன்னால் இன்னொரு செம்பு நீட்டுவதுதான் என் பழக்கம். அன்று அவர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டேன்.